இடது பக்க லைட்

டெய்லர்: அத்தான், கால்.

அத்தான்: என்ன கால்?

டெய்லர்: உங்க கால்தான். கட்டை விரல் கோட்டு மேல ஏறி நிக்குது.

அத்தான்: கட்டை விரல்தானேப்பா.

டெய்லர்: கட்டை விரல்ல ஆரம்பிச்சுதான் மீதி ஆள் வருவாரு. பின்னாடி போங்க.

அத்தான்: கோடு போட்டதே நான். எனக்கே சட்டமா?

டெய்லர்: கோடு உங்களோடது. சாக்பீஸ் என்னோடது. துணியில கோடு போடற சாக்பீஸ், உங்க சிமெண்டுத் தரையில இழுத்துப் பாதியா தேஞ்சு போச்சு. அந்த மரியாதைக்காவது பின்னாடி போங்க.

அத்தான்: சரி, போயிட்டேன். இப்ப எங்க இருக்கே?

டெய்லர்: வண்டிக்கு முன்னாடி.

அத்தான்: அது தெரியுது. வேலையில எங்க இருக்கேன்னு கேட்டேன்.

டெய்லர்: பயந்துட்டு இருக்கேன். அது முடிஞ்சதும் அடுத்த வேலை.

அத்தான்: நேரம் இல்ல மாப்ளே. வக்கீல் நாலு மணிக்கு வண்டி எடுக்க வந்துடுவாரு. பேட்டரியில மைனஸ் வயரைக் கழட்டிட்டியா?

டெய்லர்: கழட்டிட்டேன்.

அத்தான்: கழட்டி?

டெய்லர்: துணியைச் சுத்தி ஓரமா வெச்சுட்டேன்.

அத்தான்: முழுசா சொல்லு. சத்தமா.

டெய்லர்: பேட்டரி மைனஸ் வயரைக் கழட்டிட்டேன். துணியைச் சுத்தி வெச்சுட்டேன். நீங்க பார்த்தீங்க. போதுமா? சாட்சிக் கூண்டுல ஏத்தின மாதிரி இருக்கு.

அத்தான்: கழட்டிட்டே. துணியைச் சுத்திட்டே. நான் பார்த்தேன். ஒவ்வொன்னையும் இப்படித்தான் பண்ணணும். நீ சொல்லணும், நான் திருப்பிச் சொல்லுவேன்.

டெய்லர்: இதுக்கு முன்னாடி நீங்க இப்படி வேலை பார்த்து நான் பார்த்ததில்லையே.

அத்தான்: இதுக்கு முன்னாடி ஒரு டெய்லரை விட்டுக் காருக்கு லைட் மாட்டினதும் இல்ல.

டெய்லர்: அதைத்தான் காலையில இருந்து கேக்கறேன். இந்த ஒரு தெருவுல ஆறு மெக்கானிக் இருக்காங்க. என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க? எனக்குத் தெரிஞ்ச கரென்ட் அயர்ன்பாக்ஸ் ஸ்விட்ச் மட்டும்தான். அதையே ரப்பர் செருப்பு போட்டுட்டுத்தான் தொடுவேன்.

அத்தான்: மெக்கானிக்கைக் கூப்பிட்டா, என் நெஞ்சுல பேஸ்மேக்கர் மெஷின் இருக்கறது சாயங்காலத்துக்குள்ள ஆறு கடைக்கும் தெரிஞ்சுடும். லைட்டுக்குப் பக்கத்துல நிக்க முடியாத எலக்ட்ரீஷியன்கிட்ட எவன் வண்டி விடுவான்?

டெய்லர்: அப்ப நான் வாயைத் திறக்க மாட்டேன்னு நம்பி...

அத்தான்: நீ திறந்தாலும் யாரும் நம்ப மாட்டாங்கன்னு நம்பி.

டெய்லர்: உட்காருங்க அத்தான். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்க. நின்னுட்டே இருக்கீங்க.

அத்தான்: நின்னா என்ன? விழுந்துடுவேனா?

டெய்லர்: நான் அதைச் சொல்லல.

அத்தான்: அதைத்தான் சொன்னே. நீ ஊசியைப் பார்க்கறதைவிட என்னைத்தான் ஜாஸ்தி பார்க்கறே. லைட்டைப் பாரு.

டெய்லர்: எப்படிப் பார்க்காம இருக்கறது? நாலு மாசத்துக்கு முன்னாடி இதே இடத்துல, இதே வண்டிக்கு முன்னாடி, இதே லைட்டைக் கையில வெச்சுட்டுக் குப்புறக் கிடந்தீங்க. நான் அப்ப அயர்ன்பாக்ஸை ரிப்பேருக்குக் கொண்டுவந்தேன். அதைக் கீழ போட்டதுல அது இன்னும் மோசமாச்சு.

அத்தான்: அது பத்து நிமிஷ வேலை. சரி பண்ணித் தர்றேன்னு சொன்னேன்ல.

டெய்லர்: அயர்ன்பாக்ஸ் கிடக்கட்டும் விடுங்க. உங்க நெஞ்சுல ஒரு மெஷினைத் தெச்சு அனுப்பினாங்க. சட்டைக்குப் பாக்கெட் வைக்கிற இடத்துக்கு ரெண்டு விரல் மேல. தையல் சுமார்தான்.

அத்தான்: டாக்டர்கிட்ட சொல்லு. அடுத்த தடவை உன்கிட்ட கொடுக்கச் சொல்றேன்.

டெய்லர்: டாக்டர்கிட்ட பேசும்போது நானும் கூடத்தான் இருந்தேன். லைட் எரியும்போது ஒரு கை தூரம் தள்ளி நிக்கணும், கழட்டி மாட்டும்போது கரென்ட் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் சொன்னாரு. நீங்க என்னடான்னா பத்தடிக்குக் கோடு போட்டிருக்கீங்க.

அத்தான்: என் கை கொஞ்சம் நீளம்.

டெய்லர்: உங்க சட்டைக்கு அளவு எடுக்கறதே நான்தான். இருபத்து மூணரை இஞ்ச்.

அத்தான்: மாப்ளே... விளையாட்டு இல்ல. நாளைக்கு ஒருத்தர் வர்றாரு. என் டூல்ஸ் மொத்தத்தையும் அப்படியே எடுத்துக்கறேன்னு கேட்டிருக்காரு. இந்த இடது பக்கத்தை முடிச்சிட்டேன்னா அவரை வேண்டாம்னு சொல்லிடுவேன். முடியலேன்னா சாவியைக் கொடுத்துட்டு உன் கடைக்கு வந்து பட்டன் தைக்க உட்கார்ந்துடுவேன்.

டெய்லர்: பட்டன் தைக்கிறதை அவ்வளவு சாதாரணமா நினைக்காதீங்க.

அத்தான்: வேற எதுவும் எனக்குத் தெரியாது. இருபது வருஷம் இது ஒன்னுதான். அதனால பதறாம அந்த லைட்டை எடு.

டெய்லர்: எடுத்துட்டேன். என்ன கனம். பழைய லைட்டு இதுல பாதி கூட இல்ல. அதுவே நல்லாத்தானே எரிஞ்சுட்டு இருந்துச்சு, எதுக்கு இந்த மனுஷன் மாத்தறாரு?

அத்தான்: வக்கீல் விடியறதுக்கு முன்னாடியே வேற ஊர் கோர்ட்டுக்குக் கிளம்பற ஆளு. சாதா பல்ப்ல பாதி ரோடுதான் தெரியுதுன்னாரு. சந்தையில விக்கிற செனான் பல்ப்பை வாங்கிப் பழைய லைட்டுக்குள்ளயே செருகிக் கொடுன்னு கேட்டாரு. முடியாதுன்னுட்டேன். எதிர்ல வர்றவன் கண்ணு அவிஞ்சுடும். போட்டா கம்பெனி யூனிட்டு. லென்ஸ், மோட்டார், பெட்டி எல்லாம் அதோட சேர்ந்து வர்றது.

டெய்லர்: ஓ. பழைய சட்டையில புதுக் காலரை மட்டும் ஒட்டாம, முழுச் சட்டையையும் மாத்தறீங்க.

அத்தான்: ஆமா. வலது கையை அன்னிக்கே தெச்சு முடிச்சாச்சு. இடது கைதான் பாக்கி. உள்ள வெச்சுட்டியா?

டெய்லர்: வெச்சுட்டேன். மூணு போல்ட்டும் முறுக்கிட்டேன். முழுசா சொல்றேன், கவனிங்க. லைட்டை வெச்சுட்டேன், மூணு போல்ட்டும் போட்டுட்டேன்.

அத்தான்: லைட் வெச்சுட்டே, மூணு போல்ட். சரி. இப்ப பல்ப்பு. கையுறை போட்டிருக்கியா? கண்ணாடியைத் தொடக் கூடாது. விரல்ல இருக்கற எண்ணெய் பட்டாலே சூட்டுல வெடிச்சுடும்.

டெய்லர்: சொல்லிட்டே இருக்கீங்க, வெடிக்கும், அடிக்கும், அவியும்னு. ஒரு தடவையாவது ‘பார்த்துப்பா’ன்னு சொல்லலாம்ல.

அத்தான்: பார்த்துப்பா.

டெய்லர்: இப்ப சொன்னா இன்னும் பயமா இருக்கு. இருங்க... ஃபோன். அக்கா.

அத்தான்: எடுக்காதே.

டெய்லர்: எடுக்கலேன்னா நேர்லயே வந்துடுவா. ...சொல்லுக்கா. ஆமா, என் கடையிலதான். அத்தானா? இங்கதான் ஸ்டூல்ல உட்கார்ந்திருக்காரு. என்னைக் கிண்டல் பண்ணிட்டு இருக்காரு. ...போட்டுட்டாரு, மாத்திரை போட்டுட்டாரு. ...இல்லக்கா, கரென்ட் பக்கமே விடல. அயர்ன்பாக்ஸைக் கூட ஒளிச்சு வெச்சிருக்கேன். சரி, வெச்சிடறேன்.

அத்தான்: என்ன கேட்டா?

டெய்லர்: தினமும் கேக்கறதுதான். மாத்திரை, கரென்ட்.

அத்தான்: கரென்டுகிட்ட போகலேன்னா எனக்கு ஒன்னும் ஆகாதுன்னு நம்பறா.

டெய்லர்: நம்பட்டுமே.

அத்தான்: ம்.

டெய்லர்: என்ன ம்?

அத்தான்: ஒன்னும் இல்ல. பல்ப்பை வெச்சு, அதுக்குப் பின்னாடி அந்தக் கட்டை மாதிரி இருக்கே, பல்ப்பைப் பத்த வைக்கிறது, அதை மாட்டித் திருப்பு. டக்குனு ஒரு சத்தம் கேக்கணும்.

டெய்லர்: மாட்டிட்டேன். திருப்பிட்டேன்.

அத்தான்: சத்தம் கேட்டுச்சா?

டெய்லர்: என் நெஞ்சு அடிக்கிற சத்தத்துல வேற எதுவும் கேக்கல.

அத்தான்: மாப்ளே.

டெய்லர்: கேட்டுச்சு, கேட்டுச்சு. கேட்ட மாதிரிதான் இருந்துச்சு.

வக்கீல்: உள்ள யாரு? ஷட்டரைப் பாதி இறக்கி வெச்சுட்டு என்ன பண்றீங்க?

அத்தான்: வாங்க சார். குனிஞ்சு வாங்க. லைட் லெவல் பார்க்கக் கொஞ்சம் இருட்டு வேணும், அதான்.

வக்கீல்: நாலுன்னீங்க. நான் அரை மணி முன்னாடியே வந்துட்டேன், வேற வேலை இல்லாம. உடம்பு எப்படி இருக்கு? கரென்ட் அடிச்சுப் பொழைச்சு வந்த மனுஷன் நீங்க.

அத்தான்: நல்லா இருக்கேன் சார்.

வக்கீல்: இவரு?

அத்தான்: இவரு... ஸ்பெஷலிஸ்ட். செனான் மட்டும்தான் பண்ணுவாரு.

வக்கீல்: கழுத்துல இஞ்ச் டேப் தொங்குது.

டெய்லர்: வெளிச்சம் அளக்க சார்.

அத்தான்: சுவத்துல லைட் எந்த உயரத்துல விழுதுன்னு அளக்கணும் சார். நிஜமாவே அளக்கணும்.

வக்கீல்: தொழில்ல எத்தனை வருஷம்?

டெய்லர்: தொழில்ல பதினெட்டு வருஷம் சார். ஒரு கஸ்டமரும் இதுவரைக்கும் இறுக்கமா இருக்குன்னு... திரும்பி வந்ததில்ல.

வக்கீல்: நல்லது. இதுல எத்தனை வோல்ட்டு வரும்?

டெய்லர்: நாங்க எண்ணறதில்ல சார். வரட்டும்னு விட்டுடுவோம்.

அத்தான்: பத்த வைக்கிற அந்த நொடியில இருபதாயிரத்துக்கு மேல போகும் சார். எரிய ஆரம்பிச்சதும் எண்பத்தஞ்சுல நின்னுடும்.

டெய்லர்: எத்தனை?

வக்கீல்: ஸ்பெஷலிஸ்டுக்குத் தெரியாதா?

டெய்லர்: தெரியும் சார். காதுல கேக்கும்போது ஒரு... ஒரு சந்தோஷம்.

வக்கீல்: நீங்க ஏன் அங்கயே நிக்கறீங்க? வண்டிக்கு வராம, கோடெல்லாம் போட்டு.

அத்தான்: அது... ஸ்பெஷலிஸ்டுக்குப் பக்கத்துல யாரும் நின்னா பிடிக்காது சார்.

டெய்லர்: ஆமா சார். வெட்கம்.

வக்கீல்: சரி, ஒன்னே ஒன்னு கேக்கறேன், நேரா பதில் சொல்லுங்க. கடைசியா இதைப் பார்த்து, சரின்னு சொல்றது நீங்களா, இவரா?

அத்தான்: நான்தான் சார்.

வக்கீல்: உங்க கை பட்டிருக்கா?

அத்தான்: பட்டிருக்கு.

வக்கீல்: அது போதும். மத்தவங்க எல்லாம் வண்டியை வேற இடத்துக்கு இழுத்துட்டுப் போகச் சொன்னாங்க. நான்தான் உங்களுக்காக நாலு மாசம் ஆட்டோவுல போனேன். எதிர்ல டீ குடிச்சிட்டு வர்றேன். நீங்க போட்டுக் காட்டணும், நான் பார்க்கணும்.

அத்தான்: போட்டுக் காட்டறேன் சார். ...போயிட்டாரா?

டெய்லர்: போயிட்டாரு. இருபதாயிரமா?

அத்தான்: ஒரு நொடிதான்.

டெய்லர்: ஒரு நொடி எனக்குப் போதும் அத்தான். எனக்கு ரெண்டாவது நொடி தேவையே படாது. ஏன் முன்னாடியே சொல்லல?

அத்தான்: சொல்லியிருந்தா வந்திருப்பியா?

டெய்லர்: வந்திருப்பேன்.

அத்தான்: நிஜமா?

டெய்லர்: அழுதுட்டே வந்திருப்பேன். அது வேற. ...கை பட்டிருக்குன்னு ஏன் பொய் சொன்னீங்க?

அத்தான்: வேற என்ன சொல்றது? உள்ள இருக்கற மெஷினுக்குப் பயந்துட்டுப் பத்தடி தள்ளி நின்னு ஒரு டெய்லரை ஏவிட்டு இருக்கேன்னு சொல்லவா? விடு. பேட்டரியை மாட்டு. மாட்டினதும் சொல்லு.

டெய்லர்: மாட்டிட்டேன். மைனஸ் வயரை மாட்டி இறுக்கிட்டேன்.

அத்தான்: மாட்டிட்டே, இறுக்கிட்டே. இனிமே லைட்டுக்குப் பின்னாடி கை போகவே கூடாது. சீட்டுல போய் உட்காரு. ஸ்டீரிங்குக்குக் கீழ நான் கொடுத்த அந்தச் சின்னக் கட்டை செருகியிருக்கா?

டெய்லர்: செருகியிருக்கு. நீல லைட் மினுக்குது.

அத்தான்: அது வழியா இந்த லேப்டாப்ல இருந்து வண்டியோட கம்ப்யூட்டருக்குச் சொல்றேன், உனக்கு லைட் மாறிடுச்சுன்னு. அதுகிட்ட சொல்லலேன்னா பழைய பல்ப்பைத் தேடிட்டே இருக்கும். இல்லாததை இருக்குன்னு நினைச்சுட்டு, ஃப்யூஸ் போச்சு ஃப்யூஸ் போச்சுன்னு கத்தும். ...ஆச்சு. ஏத்துக்கிச்சு. இப்ப ஸ்விட்சைப் போடு.

டெய்லர்: நீங்க இன்னும் ரெண்டடி பின்னாடி போங்க.

அத்தான்: பின்னாடி ஷட்டர்தான் இருக்கு.

டெய்லர்: அதுல சாயுங்க. போட்டுட்டேன்.

அத்தான்: வலது எரியுது. முதல்ல நீலமா வந்து வெளுக்குது பாரு. பார்த்தியா, ஒரு தடவை கீழ குனிஞ்சு நிமிருது. லெவல் மோட்டார் வேலை செய்யுதுன்னு அர்த்தம். இடது?

டெய்லர்: இடது இருட்டா இருக்கு.

அத்தான்: ஒன்னுமே இல்லையா?

டெய்லர்: டிக் டிக்குனு சத்தம் மட்டும் வருது. பொறுங்க, இறங்கிப் பார்க்கறேன்.

அத்தான்: ஸ்விட்சை அணைச்சுட்டு இறங்கு.

டெய்லர்: அந்தப் பின்னாடிக் கட்டை சரியா உட்காரல போல. வீட்டுல ட்யூப் லைட்டைத் திருகற மாதிரி லேசா ஒரு...

அத்தான்: அணைச்சியா? மாப்ளே, அணைச்சியா? வலது இன்னும் எரியுது. கையை உள்ள விடாதே. கையை எடு.

டெய்லர்: அத்தான்.

அத்தான்: கையை எடு.

டெய்லர்: எடுக்க முடியல.

அத்தான்: கரென்ட் பிடிச்சிருக்கா?

டெய்லர்: தெரியல. டிக் டிக்குனு விரலுக்கு அடியில கேக்குது. கட்டையைப் பிடிச்சுட்டு இருக்கேன். விட்டா எங்க போய் எதுல படும்னு தெரியல.

அத்தான்: விரலை நீட்டு. மெதுவா.

டெய்லர்: நீட்டணும்னு நான் நினைக்கறேன். விரல் நினைக்க மாட்டேங்குது.

அத்தான்: அசையாதே. அப்படியே இரு. வர்றேன்.

டெய்லர்: வேண்டாம். அத்தான், கோடு. அங்கயே நில்லுங்க. அத்தான், எனக்கு ஒன்னும் ஆகல, நீங்க வராதீங்க... கதவைத் திறக்காதீங்க...

அத்தான்: அணைச்சுட்டேன். சாவியையும் உருவிட்டேன். இப்ப கையை எடு.

டெய்லர்: எடுத்துட்டேன்.

அத்தான்: விரல் எல்லாம் இருக்கா?

டெய்லர்: அஞ்சு. கருகல் இல்ல, ஒன்னும் இல்ல.

அத்தான்: அடிச்சுதா?

டெய்லர்: இல்ல. பயம்தான் பிடிச்சு வெச்சுது. ...அத்தான்.

அத்தான்: ம்.

டெய்லர்: வண்டிக்குள்ள உட்கார்ந்திருக்கீங்க.

அத்தான்: தெரியுது.

டெய்லர்: ஏதாவது பண்ணுதா? மூச்சு? தலை சுத்துதா? கண்ணைத் திறங்க.

அத்தான்: பேசாதே. எண்ணிட்டு இருக்கேன்.

டெய்லர்: நாடி பிடிச்சு எண்ணறீங்களா? எவ்வளவு? எத்தனை வருது? சொல்லுங்க அத்தான்.

அத்தான்: நூத்தி நாலு.

டெய்லர்: அது ஜாஸ்தியா?

அத்தான்: ஓடி வந்தேன்ல. ...எண்பத்தாறு. கொஞ்சம் தண்ணி கொடு.

டெய்லர்: இந்தாங்க. மெதுவா. சட்டையில ஊத்திக்காதீங்க.

அத்தான்: ஊத்தறது நீதான். பாட்டிலை விடு, நானே பிடிச்சுக்கறேன். ...ஸ்பேனரைக் கொடு.

டெய்லர்: எதுக்கு?

அத்தான்: பேட்டரியைக் கழட்ட. நீ அந்த ஸ்டூல்ல போய் உட்காரு. இதை நான் பார்க்கறேன்.

டெய்லர்: வேண்டாம் அத்தான். வக்கீல்கிட்ட ஏதாவது சொல்லி நாளைக்கு...

அத்தான்: நாளைக்கு டூல்ஸை எடுத்துட்டுப் போயிடுவாங்க. கொடு. ...கழட்டிட்டேன். துணியைச் சுத்திட்டேன். பார்த்தியா?

டெய்லர்: பார்த்தேன்.

அத்தான்: சத்தமா சொல்லு.

டெய்லர்: நீங்க பேட்டரி வயரைக் கழட்டினீங்க. துணியைச் சுத்தினீங்க. நான் பார்த்தேன்.

அத்தான்: நல்லது. அஞ்சு நிமிஷம் விடணும், உள்ள மிச்சம் இருக்கறது இறங்கட்டும். ...இப்ப பாரு, கட்டையைக் கோணலா ஏத்தி வெச்சிருக்கே. பட்டனை அடுத்த ஓட்டையில போட்ட மாதிரி.

டெய்லர்: என் பாஷையில திட்டாதீங்க. அது ரொம்ப வலிக்குது.

அத்தான்: இப்ப கேட்டுச்சா?

டெய்லர்: டக்குனு கேட்டுச்சு.

அத்தான்: அதான் சத்தம். பேட்டரி மாட்டறேன். மாட்டிட்டேன். இறுக்கிட்டேன். போய் ஸ்விட்ச் போடு. நான் இங்க நிக்கறேன்.

டெய்லர்: கோட்டுக்கு அந்தப் பக்கம் போங்க...

அத்தான்: ஒரு கை தூரம். இருபத்து மூணரை இஞ்ச். நீதானே அளந்தே. போடு.

டெய்லர்: அத்தான்...

அத்தான்: போடுடா. யோசிச்சா ஓடிடுவேன்.

டெய்லர்: போட்டுட்டேன். எரியுது. ரெண்டும் எரியுது. அத்தான், நிக்கறீங்களா? பதில் சொல்லுங்க. நிக்கறீங்கதானே?

அத்தான்: நிக்கறேன். சுவத்தைப் பாரு. இடது லைட் விழற கோடு ரெண்டு விரல் இறங்கியிருக்கு. டேப்பை எடுத்துட்டு வந்து அளந்து சொல்லு, நீளமான ஸ்க்ரூடிரைவர்ல நான் திருகறேன்.

டெய்லர்: அஞ்சு சென்டிமீட்டர். ...நாலு. மூணு. ஒன்னு. நிறுத்துங்க. மடிப்பு நேரா விழுந்துடுச்சு.

அத்தான்: அயர்ன் பண்ணின மாதிரி இருக்குல்ல.

டெய்லர்: நான் பண்ணினா இதைவிட நேரா இருக்கும். சரி விடுங்க, இது உங்களோடது. முடிச்சுட்டீங்க அத்தான். நாளைக்கு வர்ற ஆளுக்கு இப்பவே ஃபோனைப் போடுங்க.

அத்தான்: ஒன்னும் ஆகல.

டெய்லர்: ஆகல.

அத்தான்: இவ்வளவு நேரம் பக்கத்துலயே நிக்கறேன். எரியுது. ஒன்னும் ஆகல.

டெய்லர்: அதான் சொல்றேனே.

அத்தான்: மாப்ளே, இப்பதான் எனக்கு ரொம்ப பயமா இருக்கு.

டெய்லர்: ஏன்?

அத்தான்: இது பண்ணலேன்னா, அன்னிக்கு எது பண்ணுச்சு?

டெய்லர்: முதல்ல ஃபோனைப் போடுங்க அத்தான்.

அத்தான்: லைட் அடிச்சுதுன்னா கவலை இல்ல. பத்தடிக்கு ஒரு கோடு போட்டு அதுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கலாம். உள்ளயிருந்து தானாவே நின்னிருந்தா? குளிக்கும்போது நிக்கலாம். உங்கக்காகிட்ட பேசிட்டு இருக்கும்போது நிக்கலாம். எங்க போய்க் கோடு போடறது?

டெய்லர்: அதுக்குத்தானே உள்ள மெஷின் வெச்சிருக்காங்க.

அத்தான்: டாக்டரும் அதைத்தான் சொன்னாரு. இது நெஞ்சோட சொந்த வயரிங் கோளாறு, வெளியில இருந்து வந்ததில்லைன்னு. நான் நம்பல. அவர் என்ன பட்டறைக்கு வந்து பார்த்தாரான்னு இருந்துட்டேன். கரென்டுதான்னு வீட்டுல எல்லாரும் சொன்னீங்க, நானும் ஆமா ஆமான்னுட்டேன். ஆனா எனக்கு ஞாபகம் இருக்கு மாப்ளே. அன்னிக்கு நான் பேட்டரியைக் கழட்டித்தான் வெச்சிருந்தேன். கழட்டாம என் கை லைட்டுக்குப் போகவே போகாது. வண்டியில சொட்டுக் கரென்ட் கிடையாது. சும்மா நின்னேன், விழுந்தேன்.

டெய்லர்: அத்தான்...

அத்தான்: இரு. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும், யாருக்கும் தெரியாம இங்க வந்து பார்த்தேன். வயர் மாட்டியிருந்துச்சு. நல்லா இறுக்கி. அப்ப நான் கழட்டலையா? கழட்டினதா நினைச்சுக்கிட்டேனா? கழட்டலேன்னா அடிச்சது கரென்டுதான், ஆனா என் தலை சரியில்ல, இனிமே இந்தத் தொழிலுக்கு நான் ஆகமாட்டேன். கழட்டியிருந்தா தலை சரி, நெஞ்சு தானா நின்னிருக்கு. நாலு மாசமா ரெண்டுல எதுன்னே தெரியல. அதான் இன்னிக்கு உன்னை ஒவ்வொன்னா சத்தமா சொல்லச் சொன்னேன்.

டெய்லர்: வக்கீல் ஷட்டரைத் தட்டறாரு.

அத்தான்: தட்டட்டும். அன்னிக்கு முதல்ல வந்து பார்த்தது நீதானே. அந்த வயர் எப்படி இருந்துச்சு? ஞாபகம் இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடு.

டெய்லர்: கழட்டித்தான் இருந்துச்சு அத்தான், துணியெல்லாம் சுத்தி. உங்க தலைக்கு ஒன்னும் இல்ல. டாக்டர்கிட்ட அப்பவே உள்ளதைச் சொல்லிட்டேன். அக்காகிட்டதான் கரென்டுன்னு சொன்னேன். கரென்டுன்னா ஒரு தடவையோட போச்சுன்னு தூங்குவா... ஆனா உங்களோட இத்தனை வருஷம் இருந்தவ, பேட்டரியைப் பார்க்காம நம்ப மாட்டாளே. அதனால அன்னிக்குச் சாயங்காலம் பட்டறையைப் பூட்ட வந்தப்ப, அவ வர்றதுக்குள்ள நான்தான் மாட்டி இறுக்கி வெச்சேன்.